செட்டிநாட்டு வீதிகளில் கேமராவோடு நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கூட்டாளியும் காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கேமராவோடு நடக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. நான் இங்கேயே இருப்பவன். அவன் மதுரையில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்துவிடுவான். படங்களைப் பார்த்தவர்களும், ஒரு நாள் கூட நடந்துவிட்டுப் போனவர்களும், வீதியில் எங்களை நிறுத்தி விசாரித்த ஊர்க்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

செட்டிநாடு என்று ஓர் ஊர் இருக்கிறதா? எங்கே தொடங்குவது?

அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். மற்றபடி செட்டிநாடு என்பது ஒரே ஊரல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபத்துச் சொச்சம் ஊர்கள். முன்பு 96 ஊர்கள் என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கணக்குச் சொல்வார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, கொத்தமங்கலம், அரியக்குடி எல்லாம் இதில் அடக்கம்.

முதல் தடவை வருபவர்கள் காரைக்குடியில் தங்குவதே வசதி. சென்னையிலிருந்து பல்லவன் ரயில் நேராக இங்கே வந்து நிற்கும். ஊர் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனாலும் பழைய பகுதியை ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்த்துவிடலாம். கொப்புடையம்மன் கோயில் பக்கம் தொடங்கி, கல்லுக்கட்டியைச் சுற்றியுள்ள வீதிகளுக்குள் நுழைந்து, வழி கேட்டுக்கொண்டே ஆயிரம் ஜன்னல் வீடு வரை போங்கள். அது 1941-ல் கட்டியது. ஜன்னல்களை எண்ணுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். போகிற வழியில் பெயர் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் இரண்டாம் நாளுக்கு. இரண்டுக்கும் டவுன் பஸ் உண்டு.

காரில் போனால் ஒரே நாளில் ஏழெட்டு ஊர் பார்க்கலாமே, ஏன் நடக்க வேண்டும்?

பார்க்கலாம். ஆனால் செட்டிநாட்டு வீதி காரிலிருந்து பார்ப்பதற்கு ஏற்றபடி அமையவில்லை. வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். ஒரு பெரிய வீட்டின் முன்வாசல் ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலும் இருக்கும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கார் ஏறினால் பாதி வீட்டைக்கூடப் பார்த்ததாகாது. பக்கச் சுவரை ஒட்டி அடுத்த வீதி வரை நடந்து பாருங்கள். சுவர் முடியவே முடியாது. அந்த நீளம் காலுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, நடந்து வருகிறவனை ஊர் வேறு மாதிரி நடத்துகிறது. கார் வந்து நின்றால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். நடந்து வந்தால் "எந்த ஊரு தம்பி?" என்று ஒரு கேள்வியாவது வரும். எங்களிடம் இருக்கும் நல்ல படங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியில் தொடங்கியவை.

தனியாகப் போனால் கவனம் சிதறாதே. கூட ஒரு ஆள் எதற்கு?

பலர் கேட்கும் கேள்வி இது. படம் எடுப்பது தனி வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு மாதம் நாங்கள் இருவரும் ஒரே வீதியில் ஆளுக்கொரு பக்கமாகப் பேசாமல் நடந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பேரிடமும் ஒரே கதவு, ஒரே தூண், ஒரே கோணம்.

அப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒரு வீதிக்கு ஒருவன்தான் எடுக்க வேண்டும், மற்றவன் கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். சுற்றிலும் பார்ப்பதும் ஆட்களோடு பேசுவதும்தான் அவனுடைய வேலை. அடுத்த வீதியில் மாறிக்கொள்வோம். இதில் கிடைத்த பலனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கேமரா இல்லாதவன்தான் அதிகம் பார்க்கிறான். ஓட்டுக் கூரையின் விளிம்பில் ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது, மாடத்தில் நேற்றைய விளக்கின் கரி இருக்கிறது, மூன்றாவது வீட்டின் நிலைக்கதவு மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருக்கிறது என்றெல்லாம் சொல்வது எப்போதும் அவனாகத்தான் இருக்கும். கண்ணைக் கேமராவில் வைத்திருப்பவனுக்குப் படச் சட்டத்துக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை.

பேசுவதும் அவன்தான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஒருவன் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றவன் அவசரமில்லாமல் ஒளியைப் பார்த்து நிற்கலாம். தனி ஆளாகப் போனால் இரண்டையும் நீங்களே செய்ய வேண்டும். பேச்சும் அரைகுறையாகும், படமும் அரைகுறையாகும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன், பிடித்தால் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருவருக்கும் சேர்த்து 36 படம்தான். பழைய பிலிம் ரோல் கணக்கு. முப்பத்தாறு முடிந்தால் கேமரா உள்ளே போய்விடும், மீதி நேரம் சும்மா நடப்பது. முதல் வாரம் எட்டு மணிக்கே முடித்துவிட்டு வருத்தப்பட்டோம். இப்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வருகிறோம்.

நடைவேகம் ஒத்துப்போகும் ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். நட்பு எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஒருவன் வேகமாக நடந்து மற்றவன் நின்று நின்று வந்தால் மூன்றாம் வாரம் சண்டை வரும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எந்த மாதம் நல்லது?

மார்கழியும் தையும். குளிர் மட்டும் காரணமில்லை, சூரியன் எழும் திசையும் காரணம்.

செட்டிநாட்டு வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பவை. முகப்பு கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் நேர் கிழக்கில் எழும்போது, கிழக்கு பார்த்த முகப்பின் மேல் வெயில் நெற்றியில் அடித்தாற்போல் விழும். சுதைச் சிற்பங்களில் நிழலே இருக்காது. கஜலட்சுமியும் பக்கத்தில் நிற்கும் சிப்பாய்களும் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக வரும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் வெயில் முகப்பின் மேல் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். ஒவ்வொரு இதழுக்கும் மடிப்புக்கும் ஓர் ஓரமாக நிழல் விழுந்து சிற்பம் எழுந்து நிற்கும். ஒரே முகப்பை மார்ச்சிலும் டிசம்பரிலும் எடுத்து வைத்துப் பாருங்கள், ஒரே வீடு என்று நம்ப மாட்டீர்கள்.

மார்கழியில் ஆறரை மணி வாக்கில் வெயில் வரும். ஆறு மணிக்கே வீதியில் இருந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடுவதையும் பார்க்கலாம். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் சரிவாக ஏறாது, கிணற்று வாளி மாதிரி நெட்டுக்குத்தலாக மேலே போகும். எட்டரை மணிக்கு மேல் வீதியில் நல்ல ஒளி கிடையாது. சாயங்காலம் மேற்கு பார்த்த வீடுகளுக்கு. நாலரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

வெயில் காலத்தில் வரவே கூடாதா என்றால், ஒரே ஒரு காரணத்துக்காக வரலாம். சித்திரை பிறந்து முதல் சில நாட்களும், ஆவணி பத்துத் தேதி வாக்கிலும், பகல் பன்னிரண்டே கால் மணிக்குச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்தச் சில நிமிஷம் வீட்டின் நடுவே இருக்கும் வளவின் திறந்தவெளியில் தூண்களுக்கு நிழலே இருக்காது. முற்றத்தின் தரையில் வெயில் ஒரு வெள்ளை விரிப்பு மாதிரி, கூரையின் சதுரத்தை அப்படியே நகலெடுத்துக் கிடக்கும். வருஷத்தில் இரண்டே தடவை கிடைக்கும் காட்சி.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஊருணிகள் நிறைந்திருக்கும். அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். கூரைத் தண்ணீரும் வீதித் தண்ணீரும் வீணாகாமல் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி இந்த ஊர்களை அமைத்திருக்கிறார்கள். வறண்ட பூமியில் ஊர் கட்டியவர்கள் முதலில் யோசித்தது தண்ணீரைத்தான் என்பது, நிறைந்த ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்தால் புரியும்.

வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. என்னவென்று பார்ப்பது?

சில சொற்களைத் தெரிந்துகொண்டு வந்தால் போதும். வீதியைப் பார்த்திருப்பது முகப்பு. அதில் இருபுறமும் திண்ணை. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு, அதாவது நடுவில் வானம் திறந்த முற்றமும் சுற்றித் தூண் வரிசையும். அதை ஒட்டி உயரமாக இருக்கும் நடை பட்டாலை. வளவைச் சுற்றிலும் சிறு அறைகள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. அப்புறம் இரண்டாம் கட்டு, சில வீடுகளில் மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், அத்தனையும் திறந்திருக்கும் நாளில் முன்வாசலில் நின்றால் அடுத்த வீதியின் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரே படம்தான் எடுக்க விடுவார்கள் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

பொருள்களுக்கும் கதை உண்டு. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவரில் பதித்த பூ ஓடுகள் ஜப்பானிலிருந்து. பர்மா, இலங்கை, மலேயாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம் இங்கே வீடாக மாறிக்கொண்டிருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் தொழில் தளர்ந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு பெரும்பாலோர்க்கு அங்கே இருந்த சொத்தும் போயிற்று. அதற்குப் பிறகு இப்படி வீடு கட்ட யாராலும் முடியவில்லை.

சுவரைத் தொட்டுப் பாருங்கள், கேட்டுவிட்டு. சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர். நூறு வருஷத்துக்குப் பிறகும் கன்னம் மாதிரி வழவழப்பாக, மே மாதத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். படத்தில் அந்தக் குளிர்ச்சியைக் கொண்டுவர இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கையைச் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் வருகிறது.

பூட்டிய வீடுகளுக்குள் போக முடியுமா? காவல்காரருக்குப் பணம் கொடுத்தால் விடுவார்கள் என்கிறார்களே?

கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள், சில வீடுகளுக்கு முப்பது பேருக்கு மேலும் இருப்பார்கள். சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில் என்று எங்கெங்கோ. அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் காவல்காரர் ஒருவர்தான். நூறு ரூபாய் கொடுத்து நீங்கள் உள்ளே போய், அந்தப் படம் ஏதோ ஒரு பங்காளியின் கண்ணில் பட்டால், வேலை போவது அவருக்கு.

கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பார்க்க விடும் வீடுகள் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இருக்கின்றன. ஆத்தங்குடியில் லட்சுமி வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ல் முடிந்தது. நாங்கள் போனபோதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது, அதுவே நெடுநேரம் பார்க்க வேண்டியது.

மற்ற வீடுகள் திறக்கும் நாட்கள் உண்டு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பொங்கல். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு, இழை எடுத்துக்கொள்ளும் சடங்குக்காகப் பங்காளிகள் கூடுவார்கள். வருஷம் முழுதும் பூட்டிக் கிடந்த நிலைக்கதவு அன்றைக்குத் திறந்திருக்கும். அந்த நாளில் கேமராவை நீட்டாதீர்கள். அது அவர்கள் குடும்பத்துக்கான நாள். வாசலில் நிற்பவரிடம் நாளைக்கு வரலாமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். மறுநாள் யாராவது ஊருக்குக் கிளம்புவதற்குமுன் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். எங்களுக்கு உள்ளே இடம் கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்ட மறுநாட்களில்தான்.

பேசும் முறையும் முக்கியம். நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்று அழைப்பதுதான் இங்கே வழக்கம். "ஆச்சி, நாங்க காரைக்குடிப் பிள்ளைக, வீட்டை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்போம். இல்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டு நகர்வோம். காரணம் கேட்பதில்லை. இரண்டு வருஷமாக இல்லை என்று சொன்ன ஓர் ஆச்சி மூன்றாம் வருஷம் தானாகவே கூப்பிட்டார்.

வளவுக்குள் எடுத்தால் முற்றம் வெளுத்துப்போகிறது, தூண்கள் கறுத்துப்போகின்றன. என்ன செய்வது?

முற்றத்துக்கும் பட்டாலைக்கும் ஒளியில் அவ்வளவு வித்தியாசம். கண் தாங்கும், கேமரா தாங்காது. போனில் எடுப்பவர்கள் முற்றத்துத் தரையில் வெயில் படும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒளி அளவு பூட்டிக்கொள்ளும். அதன்பின் வேண்டியபடி சட்டத்தை நகர்த்துங்கள். தூண்கள் கொஞ்சம் இருட்டாக வரும், வரட்டும். இருட்டைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன தரையை மீட்கவே முடியாது.

இதைவிட நல்ல வழி, திறந்தவெளிக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது. பட்டாலையின் மூலையில் சுவரை ஒட்டி நின்று தூண் வரிசையை நீளவாக்கில் பாருங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து தூணின் உருண்டையைக் காட்டும். வழவழப்பான சுவரும் தரையும் ஒளியைத் திருப்பி அடிப்பதால், முற்றத்தில் மேகம் கவிந்த நேரத்தில் வீடு முழுதும் ஒரே சீரான வெளிச்சம் பரவும். மேகத்துக்காகக் காத்திருங்கள். உட்காரத்தான் இடம் இருக்கிறதே.

நிறத்தையும் கவனியுங்கள். நிழலில் கேமரா தானாகப் பார்த்துக்கொண்டால் தேக்கு உயிரில்லாமல் நீலம் பாய்ந்து நிற்கும். நிறச் சமநிலையை நிழலுக்கு மாற்றி வையுங்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வரும் சிவப்பையும் பச்சையையும் மட்டும் திருத்தாதீர்கள். அது அந்த வீட்டின் நிறம்.

என்ன கேமரா?

இருப்பது போதும். நான் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், கூட்டாளி பாதி நாள் போனில்தான் எடுக்கிறான். ரொம்ப அகலமான லென்ஸ் வேண்டாம், வீதி குறுகல்தானே என்று அதைப் போட்டால் முகப்பின் இரண்டு ஓரமும் இழுபடும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் வீடு பின்னால் விழுவது போலிருக்கும். அண்ணாந்து எடுப்பதற்குப் பதில், எதிர் வீட்டில் கேட்டுவிட்டு அவர்கள் திண்ணைப் படியில் ஏறி நின்று நேராக எடுங்கள். முக்காலியை வீதியில் விரித்தால் சர்வே எடுக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். இங்கே நிலத் தகராறுகள் நிறைய.

ஆட்களை எடுக்கலாமா?

எடுக்க வேண்டும் என்றே சொல்வேன். செட்டிநாடு என்றால் காலி வீடுகள் என்று ஆகிவிட்டது. ஒரு ஆள்கூட இல்லாத வளவுப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வீடுகளைச் செதுக்கிய தச்சர்களும் பூசிய கொத்தனார்களும் முகப்பில் பெயர் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் போலக் கைவேலை செய்பவர்கள் இன்றைக்கும் அடுத்த வீதியில் இருக்கிறார்கள். ஓலையில் கொட்டான் முடையும் பெண்கள், கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிக்காரர்கள், முறுக்குப் பிழியும் ஆச்சிகள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த அரக்குச் சிவப்பையும் கடுகு மஞ்சளையும் தறியில் பாதி நெய்த நிலையில் பார்க்க வேண்டும்.

கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன் அழித்துவிடுங்கள். குழந்தைகளைப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

கோயிலுக்குள்?

வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை கொண்டுவரச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இளையாற்றங்குடி, வைரவன்பட்டி, இரணியூர், மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுக்கும் கேமராவை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். இரணியூர்த் தூண்களைக் கேமரா இல்லாமல் பார்த்தால் நிதானமாகப் பார்ப்பீர்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் செய்வதை எடுக்க முடியுமா?

பட்டறைகளில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த மண்ணும் சிமென்ட்டும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்து வைத்துவிடுவார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடியைப் பிரிக்கும்போது பளபளப்பு தானாக வந்திருக்கும். தரையின் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, இயந்திரம் கிடையாது. உள்ளூர் மணலும் கையும்தான்.

அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருங்கள். வேலை செய்பவரின் குறுக்கே நிற்காதீர்கள். ஒரு கல் வீணானால் போவது அவருடைய கூலி.

முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளைப் பற்றிச் சொல்லுங்களேன்.

படமெடுப்பவர்களுக்குப் பிடித்த தெரு. பீங்கான் சாடி, எனாமல் பாத்திரம், பழைய கடிகாரம், சாமி படங்கள், மரச்சாமான் என்று கடைக்குக் கடை குவிந்திருக்கும். நாங்களும் பல காலை அங்கே நின்றிருக்கிறோம்.

ஆனால் ஒரு தடவை, சாய்த்து வைத்திருந்த தூண்களுக்கு நடுவில் கூட்டாளி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை நாம எடுத்திருக்கோம்டா" என்றான். தூணின் தலைப்பகுதியான போதிகையில் ஒரு கிளியின் மூக்கு உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினோம். அதே கிளி, அதே மூக்கு. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு பட்டாலையில் நின்றுகொண்டிருந்த தூண். மறுவாரம் அந்த ஊருக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் வேலி.

விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும், முப்பது பங்காளிகள் ஒத்துப்போக வேண்டும், ஒருவருக்கும் இங்கே வேலை இல்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இருப்பது ஓட்டை மாற்றித் தராது. அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் செய்த ஒரே மாற்றம், அழகான மூலையை மட்டும் எடுக்காமல் ஒவ்வொரு வீட்டையும் முழுதாக எடுத்து வைப்பது. முகப்பு நேராக ஒன்று, பக்கச் சுவர், பின்வாசல், உள்ளே விட்டால் நான்கு மூலையிலிருந்தும் வளவு. அந்த வீட்டின் விலாசத்தையும், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளையும், தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்வோம். ஊரில் வீட்டை அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

படத்தை வலைத்தளங்களில் போடும்போது ஊர், வீதி பெயர் ஏன் போடுவதில்லை?

முன்பு போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பின்வாசல் படம், துருப்பிடித்த பூட்டும் வேப்பமர நிழலுமாக அழகாக இருந்தது. ஊர், வீதி எல்லாம் எழுதிப் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பக்கத்து வீட்டு ஆச்சி எங்களை நிறுத்தினார். கோபப்படவில்லை. "ஏந்தம்பி, ஆளில்லாத வீடு, பின்வாசல் பூட்டு இப்படி இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லலாமா?" என்றார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போகும் திருட்டு நடக்கும் பகுதி இது, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அன்றைக்கே படத்தை வலைத்தளத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

ஆள் இல்லாத வீடு என்றால் ஊர்ப் பெயர்கூடப் போடுவதில்லை. படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இடக் குறிப்பையும் போனில் அணைத்து வையுங்கள். வீட்டுக்காரர்களே போடச் சொன்னால் போடுவோம்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஒரு காலையில் பத்துத் தடவையாவது கழற்ற வேண்டியிருக்கும். சிறிய ஊர்களில் கழிப்பறை கிடைப்பது கஷ்டம், கிளம்பும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு நடையை முடித்து வெள்ளைப் பணியாரம் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். அன்றைய படங்களை அங்கே பார்க்காதீர்கள், எண்ணெய்க் கை.

இத்தனை படங்களை என்ன செய்கிறீர்கள்?

பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வருஷத்தில் இரண்டு தடவை, பொங்கலுக்கு முன்பும் ஆடியிலும், எடுத்தவர்களுக்கெல்லாம் அவரவர் படம். இதற்காகத்தான் தேதியும் விலாசமும் நோட்டில். போனில் அனுப்பினால் ஒரு வாரத்தில் மேலே வந்த படங்களுக்கு அடியில் போய்விடும். காகிதமாகக் கொடுத்தால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், தாத்தா ரங்கூனில் எடுத்துக்கொண்ட படத்துக்குப் பக்கத்தில்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சியைப் பட்டாலையில் உட்காரவைத்து எடுத்திருந்தோம். பிரின்ட்டைக் கையில் கொடுத்ததும் தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த தூணில் விரலை வைத்து, "இதுலதான் எங்க மாமியாருக்குத் தயிர் கடைய மத்துக் கட்டியிருக்கும், அந்தத் தடம் தெரியுது பாருங்க" என்றார். நாங்கள் அதைத் தூசிக் கோடு என்று நினைத்து, அழித்துவிடலாமா என்று பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அப்புறம் அவரே உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு தடமாகக் காட்டினார். ஊஞ்சல் சங்கிலி தேய்த்த இடம், கல்யாணப் பந்தலுக்கு அடித்த ஆணி, பிள்ளைகள் உயரம் குறித்த கோடுகள். கூட்டாளி கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான், அன்றைக்கு அவன் முறைதான் என்றாலும். மறுவாரம் அனுமதி கேட்டுப் போய் அந்தத் தடங்களை மட்டும் எடுத்தோம்.

எட்டுக்கு ஆறு அங்குல அளவில், மினுக்காத காகிதத்தில் போடுங்கள், வெயில் படும் சுவரிலும் தெளிவாகத் தெரியும். பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதுங்கள். அந்த ஆச்சி வீட்டுக்கு மட்டும் நாங்கள் மூன்று படி கொடுக்கிறோம். பங்காளிகள் மூன்று வீடு.